இரண்டு வினாடி

நாகர்கோவிலில், மூன்றாவது மாடியில்,
"றசலையன்" என்று கூப்பிட்ட பெண்
என் நெஞ்சின்மேல் சோப்புக்கட்டி போல ஒன்றை வைக்கிறாள்.
ராடு கிடையாது. எர்த் கிளாம்பு கிடையாது.
"கொஞ்சம் வேகம் கூட்டுகேன், பயப்படாதீங்க."

கட்டிலில் மல்லாந்தபடியே
வேளிமலை ஏறினேன்.
அவள் ஒரு பொத்தானைத் தொட்டாள்,
இறங்கினேன்.

போன ஆனியில் விழுந்தேன்,
கருங்கல் சந்தைக்குப் பின்னால்,
பாதி முடிந்த கேட்டின்மேல்.
மேலறை படபடவென அடித்துக்கொண்டேயிருந்து
திடீரென்று சும்மா இருந்துவிடுமாம்,
ஐந்து வினாடி. ஆறு.
ஓட்டத்தை அடக்க மாத்திரை தந்தால்
நிற்பது இன்னும் நீளும்;
முதலில் நிற்காமல் பார்க்கணும் என்று
காறை எலும்புக்குக் கீழே வைத்துத் தைத்தார் டாக்டர்.
நல்ல தையல். நேராக ஓடியிருந்தது,
நானே குறைசொல்ல முடியாதபடி.

வெல்டிங் மட்டும் கூடாது.
முப்பத்தொரு வருடமாக
வேறு சோலி எதுவும் எனக்குத் தெரியாது.
இப்போது ஜெபின் செய்கிறான்.
நான் ரோட்டுக்கு அந்தப்பக்கம் நிற்கிறேன்,
நீல வெளிச்சம் சுவரில் துள்ளுவதைப் பார்த்து.

தாள் சுருள்சுருளாக வருகிறது.
"மூணு மாசத்துல ஒம்பது தடவ ஓடியிருக்கு.
எல்லாம் சின்னதுதான்."
பேனா ஓரிடத்தில் நின்றது.
"இது உங்க நெஞ்சு இல்ல. வெளிய உள்ள கரண்டு.
ஏப்ரல் பதினாறு, மத்தியானம் மூணேகால், ரெண்டு செகண்டு.
எங்க நின்னீங்க?"

எஸ்தர்பாய் பையை மடியில் இழுத்து வைத்தாள்.
அன்றைக்கு அவள் ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தாள்.
கண்ணாடி எடுக்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டேன்,
இமைக்குள்ளும் வெள்ளையாகத் தெரிந்தது,
அந்த வாசம்.

"ஒரு பொட்டு," என்றேன்.
"ஒரே பொட்டு. கோழிக்கூட்டுக் கதவுக்கு."

என் பொய்யை முகத்திலேயே படிப்பவள்.
இனித் தாளிலும் வரும்.

திங்கள்சந்தை வரை பேசவில்லை.
பஸ் ஜன்னல் கம்பிகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன்,
மூன்றாவது கம்பி சரியாகப் பிடிக்கவில்லை,
யாரோ அவசரத்தில் வைத்த வேலை.

பிறகு, வெளியே பார்த்தபடியே சொன்னாள்:
"அந்தக் கதவு இப்பவும் அடைய மாட்டேங்கு.
நேத்தும் கீரி வந்துது.
நாளைக்கு ஜெபினை வரச் சொல்லுங்க.
நீங்க கிணத்துக்கு அந்தப்பக்கம் நிக்கணும்."