ஒத்திகை நடை

மான்டியத் சாலை, மூன்றாவது மாடி.
பதினான்கு கழுத்துகளில் பதினான்கு அட்டைகள்,
ஆளுக்கொரு காதில் கருவி,
என் துப்பட்டா மடிப்பில் மைக்.
முப்பது மீட்டர் தாண்டினால் குரல் அறுந்துவிடும்
என்று மேலாளர் இரண்டு முறை சொன்னார்.
ஃபுளோரன்சில் தொலைவதற்கு முன்
எழும்பூரில் ஒரு முறை தொலைந்து பாருங்கள்,
அதற்குத்தான் இந்த ஒத்திகை.

நான் இத்தாலி போனதில்லை.
ஏழு குழுக்களை அனுப்பியிருக்கிறேன்.
திங்கட்கிழமை எந்தப் பட்டறை பூட்டியிருக்கும்,
எந்தக் கழிப்பறைக்கு ஒரு யூரோ,
கையுறை தைப்பவர் வீட்டு நாய்
எந்த வளைவில் குரைக்கும்,
எல்லாம் தெரியும்,
திரும்பி வந்தவர்களின் புகார்களிலிருந்து.

மஞ்சள் குடையை உயர்த்திப் பிடித்தேன்.
பூந்தமல்லி நெடுஞ்சாலையில்
இருபத்தேழு டி எங்களைப் பார்த்து ஹாரன் அடித்தது.
தரமணியில் டிசைன் படிக்கும் பிள்ளைகள் இருவர்
தங்களையே படம் எடுத்துக்கொண்டு வந்தார்கள்.
ஆழ்வார்பேட்டை பொட்டிக்கின் வைஜயந்தி
தரைக்கும் புடவைக்கும் நடுவே
ஓர் அங்குலம் விட்டே நடந்தார்.

தாளில் இருந்ததை வாசித்தேன்:
'இப்போது தோல்காரர்களின் தெருவுக்குள் நுழைகிறோம்.
ஆறு பக்கத்தில் இருந்ததால்
அந்தக் காலத்தில் இங்கே குடியேறினார்கள்.'
நிமிர்ந்தால் பெரியமேடு.
இடதுபக்கம் தோல், வலதுபக்கம் தோல்,
சுருட்டி, அடுக்கி, தொங்கவிட்டு,
ஷட்டர் உயரத்துக்குத் தோல்.
காற்று திரும்பியது, கூவமும் வந்து சேர்ந்துகொண்டது.
யாரோ சிரித்தார்கள். பதினான்கு காதுகளிலும்
என் சிரிப்பு கேட்டிருக்கும்.
'முதலாளி, எங்க இந்தப் பக்கம்?'
கழுத்தில் அட்டையோடு வந்த அத்தீக் பாயைப் பார்த்து
அவர் கடைப் பையன் எழுந்து நின்றான்.
'டூர்டா' என்றார் பாய்.

ஜெசிந்தா மட்டும் குடையைப் பார்க்கவில்லை.
பல்லாவரத்தில் ஷூவின் மேல்பாகம் தைப்பவள்,
பத்தொன்பது வருஷம்.
பாதிப் பணம் கம்பெனி, மீதி சீட்டு எடுத்தது.
ஒரு கடைவாசலில் நின்று
செருப்பைத் திருப்பி, நகத்தால் தையலை எண்ணி,
'எட்டு விழணும். ஆறுதான் விழுந்திருக்கு'
என்று கடைக்காரனிடம் சண்டைக்குப் போனாள்.
அவளிடம் ஒரு நோட்டு இருக்கிறது.
அங்கே போய்க் கேட்க வேண்டிய கேள்விகள்.
முதல் கேள்வியைப் போன வாரம் எனக்குக் காட்டினாள்:
மூக்குப் பக்கம் வளைக்கறப்போ
நனைப்பீங்களா, சூடு காட்டுவீங்களா?

என் பையில் பதினான்கு பாஸ்போர்ட்.
காலையில் வந்தவை.
பதின்மூன்றில் விசா.
ஒன்றில் மட்டும் மடித்த ஒரு தாள்:
விண்ணப்பதாரர் திரும்பி வருவார் என்ற எண்ணம்
உறுதிப்படவில்லை.

ஞாயிறு ராத்திரி ஃபிளைட் தாமதமானால்
திங்கள் ஏழு மணி ஷிஃப்டுக்கு என்ன செய்வது என்று
மூன்று தரம் போன் பண்ணிக் கேட்டவள் அவள்.

இந்த மைக்கில் ஒரு வசதிக் குறைவு.
ஒருத்திக்கு மட்டும் சொல்ல முடியாது.
எதைச் சொன்னாலும்
பதினான்கு பேருக்கும் ஒரே சமயத்தில் விழும்.
ஆகவே மற்றதையெல்லாம் சொன்னேன்.
மணிக்கூண்டு, பாலம், பொன் வேலைக் கடைகள்,
மதியம் ஒன்றரைக்குச் சாப்பாடு, சைவம் தனி மேசை.
முப்பது மீட்டருக்குப் பின்னால்
என் குரல் எட்டாத இடத்தில்
அவள் இன்னும் தையல் எண்ணிக்கொண்டிருந்தாள்.

குடையை வைஜயந்தியிடம் கொடுத்தேன்.
அவர் அதை விரித்து வெயிலுக்குப் பிடித்துக்கொண்டார்.
மைக்கை அணைத்துவிட்டு
வந்த வழியே திரும்பி நடந்தேன்,
மீன்பாடி வண்டிக்கு ஒதுங்கி,
சாயத் தண்ணீரைத் தாண்டி.

காதில் கருவியை அழுத்திக்கொண்டே
ஜெசிந்தா நிமிர்ந்தாள்.
'இப்போ கேக்குது மேடம்.
சொல்லுங்க.'