லிஸ்பன் – ஹெல்சிங்கி

மூவாயிரத்து முந்நூற்று அறுபது கிலோமீட்டர்,
நேர்கோட்டில்.
நாலே முக்கால் மணி நேரம், காற்று எதிர்க்காவிட்டால்.
ஜெசிந்தா சொல்லச் சொல்ல
கேரட் எடைச் சீட்டின் பின்பக்கம் குறித்துக்கொண்டேன்.

எட்டு மணிக்கு ஏறி
இரண்டே முக்காலுக்கு இறங்குவாளாம்.
கூட்டிப் பார்த்தால் இரண்டு மணி உதைக்கிறது.
அங்கே கடிகாரம் முந்தி ஓடுமாம்.
அந்த இரண்டு மணியை யார் தின்றது என்றேன்.
சிரித்தாள்.
சிரித்து ரொம்ப நாளான சிரிப்பு.

அவள் ஏறும்போது இங்கே பன்னிரண்டரை.
மன்னவனூரில் வண்டியைக் கிளப்பினேன்.
கோழி இறங்கும் தடம்கூட வளைந்தே இறங்கும் மலை.
எட்டாவது கிலோமீட்டரில்
தைலமரம் ஒன்று குறுக்கே படுத்திருந்தது.
அரிவாள் வந்தது, கயிறு வந்தது,
ரம்பத்துக்குப் போன ஆளைக் காணவில்லை.
பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள்
என் கேரட்டைக் கடித்துக்கொண்டு
மரத்துக்கு யோசனை சொன்னார்கள்.
பனி இறங்கி
பஸ்ஸின் நம்பரைத் துடைத்தது.

இந்நேரம் எந்த நாட்டின் மேல் இருப்பாள்?
பெட்டி ஒன்றா, இரண்டா?
சாவியை அவன் கையில் கொடுத்தாளா,
கதவிடுக்கில் போட்டாளா?

ஏன் ஊர் மாறுகிறாய் என்று மட்டும்
நான் கேட்கவில்லை.
தூரம் கேட்டேன். நேரம் கேட்டேன்.
அவளும் அதற்கு மட்டும் பதில் சொன்னாள்,
கிலோமீட்டர் சுத்தமாக.

பூம்பாறைக்கு முந்திய வளைவில்
ஒரு கோடு சிக்னல் வந்தது.
"இறங்கிட்டேன்ப்பா. நீ எங்க இருக்க?"

கழுவிய மூட்டைகள் சொட்டிக்கொண்டிருந்தன.
"இன்னும் பாதி வழிதான்" என்று அடித்தேன்.
அழித்தேன்.
"குளிருதா?" என்று அனுப்பினேன்.