எழுத்தைப் பிரித்துப் போடும் நேரம்

லெமுவல் ட்ராஸ்க் எழுதும் கதைகளுக்கு
நீளக் கோடுகள் போதவே போதாது.
ஒருவன் நிலவறைக் கதவைத் திறப்பான், உடனே ஒரு கோடு.
முப்பாட்டன் செய்த பாவம் படியேறி வரும், இன்னொரு கோடு.
போன டிசம்பரில் பெட்டி காலியாகிப்
பாஸ்டனுக்கு ஆள் அனுப்பினோம்.

ஆசாஹெல் வின்ஷிப் வேறு ரகம்.
பிரசங்க மேடையை விட்டிறங்கிக்
காட்டோரம் குடிபோனவர்.
அவருக்குப் பெரிய எழுத்துகள் வேண்டும்.
இயற்கைக்குப் பெரிது, ஆன்மாவுக்குப் பெரிது,
ஒருமுறை தவளைக்கும்கூட.
முதலாளி பிங்க்ரி முனகுவார்:
"இவர் எங்கும் கடவுளைப் பார்க்கட்டும்,
ஈயத்துக்கு யார் காசு தருவது?"

நான் கெசையா. அச்சுக்கோப்பவள்.
எதையும் வலமிடம் மாற்றித்தான் வாசிப்பேன்.
அப்படி வாசித்தால்
இருவருக்கும் ஒரே சாடை.
இருவருக்கும் கணக்குப் பேரேடு பிடிக்காது.
இருவரும் விளக்கில்லாமல் காட்டுக்குள் போகிறவர்கள்.
ட்ராஸ்க் போனால்
அங்கே யாரோ காத்திருக்கிறார்கள்.
வின்ஷிப் போனால்
அங்கே யாருமில்லை,
கொஞ்ச நேரத்தில் அவரும் இல்லை.

ஓபெத்தைக் கடல் கொண்டுபோன மூன்றாம் வாரம்
இரண்டு கையெழுத்துப் பிரதிகளும் ஒரே நாளில் வந்தன.
கடலுக்கு ஞாபகம் உண்டு என்றது ஒன்று,
அது வஞ்சம் வைத்திருக்கும்.
துளி எங்கே தொலையும் என்றது மற்றது,
எல்லாம் ஒரே நீர்.
எனக்கு இரண்டும் வேண்டியிருக்கவில்லை.
அவன் தைக்கக் கொடுத்திருந்த பூட்சு
சாமுவேல் க்ரீக் சந்தில், கடை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.
போய் வாங்கத்தான் கால் வரவில்லை.
கூலிக்காக இரண்டையும் கோத்தேன்,
விரல் கறுக்கக் கறுக்க.

அன்றிரவு குளிரில் கை நழுவி
ஒரு பக்கம் முழுதும் தரையில் கொட்டியது.
மெழுகுவத்தி வைத்துப் பொறுக்கி அடுக்கியதில்
ட்ராஸ்க்கின் ஒரு வரி
வின்ஷிப் உரைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது:
யாரும் இல்லாத அறையில்தான் மூச்சு கேட்கிறது.
பிழைதிருத்தும்போது பார்த்தேன்.
விட்டுவிட்டேன்.

பனி உருகியபின் வின்ஷிப் வந்தார்,
காலெல்லாம் சேறு, தொப்பியில் பைன் ஊசி.
அந்தப் பக்கத்தை விரித்தபடி வெகுநேரம் நின்றார்.
"இதை எப்போது எழுதினேன், நினைவில்லை.
எந்த அறை என்று மட்டும் தெரிகிறது."
நான் அச்சுமை உருளையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
ஐந்து பிரதி கூடுதலாகக் கேட்டார்,
ரொக்கம் கொடுத்தார்.
ட்ராஸ்க்கோ ஒரு வரி குறைந்ததைக் கவனிக்கவே இல்லை.
இருட்டு அவரிடம்
ஏராளமாகக் கையிருப்பு.

அடித்து முடித்தால்
சாம்பல் நீரில் கழுவி
எழுத்துகளைப் பிரித்துப் போடவேண்டும்.
சாபத்திலிருந்து வந்த ஈயமும்
விடியலிலிருந்து வந்த ஈயமும்
ஒரே குழியில் விழுகின்றன.
ஒரே சத்தம்.

நாளை காலை பன்றி ஏல அறிவிப்பு.
பெரிய எழுத்து ஒன்றும்
நீளக் கோடு ஒன்றும்
எடுத்து வைத்துவிட்டு
வீட்டுக்குக் கிளம்பினேன், சந்து வழியாக.
கடையில் இன்னும் வெளிச்சம் இருந்தது.