எட்டாம் நம்பர் மலை

எங்கள் பக்கம் மலை என்றால் வேலை.
"இன்னிக்கு எந்த மலை?" என்றுதான்
பிரட்டுக்களத்தில் கேட்பார்கள்.
இலக்கம் போட்டு, ஏக்கர் அளந்து,
கொழுந்தின் எடையில் கணக்கு வைத்த மலை.
நான் எட்டாம் நம்பருக்குக் கூடையோடு போனதில்லை.
துளை போடும் இயந்திரத்துக்குத் தண்ணீர் விட
நாட்சம்பளத்துக்குப் போனேன்,
ஐப்பசி மழைக்குப் பத்து நாள் முன்னால்.

அப்புத்தளைக்குக் கீழே, பனிமூட்டம் ஏறிவரும் சரிவு.
முதலில் வந்தது செம்மண்,
தேயிலை வேரின் வாசத்தோடு.
ஒன்பதாவது மீட்டரில்
கல்லுமில்லாத மண்ணுமில்லாத ஒன்று;
விரலில் நசுக்கினால் மாவு.
"வழுக்கினா இதுலதான் வழுக்கும்" என்றார் தில்ருக்ஷி மிஸ்.
பதினாறில் சத்தம் மாறியது.
தூக்கத்தில் பல் கடிக்கிற சத்தம்.

கைத்தடி மொத்தத்தில் உருளை உருளையாய் மலை.
பலகைப் பெட்டியில் அடுக்கி ஆழம் எழுதினோம்.
"மாத்தி அடுக்குனா மலை தலைகீழாப் போயிரும்"
என்று சிரித்தான் இயந்திரக்காரன் புஷ்பநாதன்.
இருபத்தெட்டில்,
அட்டை கடித்துவிட்டுப் போன இடம் மாதிரி
சிவப்புச் சிவப்பாய்ப் புள்ளிகள்.
கார்னட்.

மிஸ்ஸின் தமிழ் கொஞ்சம், என் சிங்களம் கொஞ்சம்,
நடுவில் கல்.
இது ஒரு காலம் கடலடிச் சேறாம்.
இலங்கை என்று ஒன்று இல்லாத காலம்.
ஐம்பத்தைந்து கோடி வருடத்துக்கு முன்
நிலமும் நிலமும் முட்டிக்கொண்டதில்
சேறு உள்ளே போய்விட்டது.
எவ்வளவு உள்ளே?
இங்கிருந்து எல்ல வரைக்கும் ஓடும் ரயில் பாதையை
நிமிர்த்தி நட்டால் வருகிற ஆழம்.
அந்தச் சூட்டில்
உருகி ஓடாமலே வேறு கல்லானதாம்.

"பொறகு யார் மிஸ் மேல தூக்குனது?"
"யாருமில்ல. மேல இருந்தத மழை கொண்டுபோச்சு.
பாரம் கொறைய, அடியில இருந்தது எழும்பிச்சு."

எனக்கு என் அக்கா யோகராணியின் முதுகு ஞாபகம் வந்தது.
தராசடியில் கூடை இறங்கியதும் அது நிமிரும்.
ஒரேயடியாக இல்லை.
முதலில் கழுத்து, அப்புறம் தோள்,
இடுப்பு கடைசியில், அதுவும் பாதி.
மழை நாளில் ஈரத்துக்கென்று மூன்று கிலோ வெட்டுவார்கள்.
மலைக்கும் அப்படித்தான் போல.
அன்றாடம் கழிவு பிடித்து
வளவையில் இறக்கி, கடலில் சேர்க்கிறது தண்ணீர்,
இனி எப்போதோ வரப்போகிற ஒரு மலைக்கு
இந்த மலை கட்டுகிற முன்பணம்.

அக்காவின் காம்பிராச் சுவரில் வெடிப்பு.
சித்திரையிலிருந்து நாலு மில்லிமீட்டர்.
மலைக்கு அது ஒரு மூச்சுகூட இல்லை.
அவள் மகன் அதற்குள் இரண்டு ரூபாய்க் குத்தியைச் செருகி
நிற்கிறதா என்று பார்க்கிறான்.
நிற்கிறது.
வெடிப்புக்குக் குறுக்கே கண்ணாடித் துண்டொன்று ஒட்டி
மிஸ் சொல்லிவிட்டுப் போனார்:
இது உடைஞ்சா சட்டி பானை பார்க்காம
பள்ளிக்கூடத்துக்கு ஓடுங்க.

அறிக்கை வரும். அதில் 'இயற்கை' என்று ஒரு பக்கம் இருக்கும்.
எட்டாம் நம்பரில் கான் வெட்டி ஒன்பது வருடம்,
மழைத்தண்ணீர் போக வழியில்லாமல்
அந்த மாவுக்குள்தான் இறங்குகிறது என்று
ஒரு வரி இருக்குமா?
கான் வெட்டுகிற ஆட்களை நிறுத்தியது
மழை இல்லை.

நாற்பத்தோராவது மீட்டரில் நிறுத்தினோம்.
பெட்டியில் சேராத உடைசல் ஒன்றைக் கேட்டு வாங்கினேன்.
ஒரு சாண் நீளம், ஓரத்தில் இரண்டு சிவப்பு.
அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
கூரைத் தகரம் பறக்காமலிருக்க
மேலே வைக்கச் சொன்னாள்.
உருளாமல் இரு பக்கமும் ஓட்டுச் சில் முட்டுக்கொடுத்தேன்.

இரவு மழை பிடித்தது.
தகரம்தான் சத்தம் போட்டது, கல் இல்லை.
இரண்டு தரம் எழும்பி
டோர்ச் அடித்துக் கண்ணாடியைப் பார்த்தேன்.
மூன்றாம் தரம் பார்க்கும்போது
அக்காவும் விழித்துத்தான் கிடந்தாள்.