வைக்கப்படவில்லை

காட்பாடி, காந்தி நகர், இரண்டாம் மாடி.
அக்கினி நட்சத்திரத்தில் ஒன்பதாம் நாள்.
கரண்ட் போய் யு.பி.எஸ். கீச்சிடுகிறது,
நாற்பது நிமிடம் தாங்குமாம்.
பொய். இருபத்தைந்து.
அதற்குள் கர்னலைத் திறந்துவைத்து
செத்த பெயர்களைத் தேடுகிறேன்.

கேட்பாரில்லை என்று எப்போதோ
எடுத்துப்போட்ட ட்ரைவர்கள்.
நிரல் போயிற்று, பெயர் போகவில்லை.
போர்டுக்குப் போர்டு எழுதிவைத்த கான்ஃபிக் கோப்புகளில்
நாற்பத்தொரு இடத்தில் இன்னும் இருக்கின்றன,
கட்டிக்கொடுத்த பெண்ணின் பெயர்
பிறந்த வீட்டு ரேஷன் கார்டில் இருப்பதுபோல.

சில வரிகள் 'ஆம்' என்கின்றன.
யாரைப் பார்த்து?
பல வரிகளில், முன்னால் ஒரு வேலிக்குறி போட்டு,
'வைக்கப்படவில்லை.'
இல்லாத ஒன்றை
வைக்கவில்லை என்று ஒரு சத்தியம்.
ஒவ்வொரு முறையும் இயந்திரம் அதைப் படிக்கிறது,
உதட்டைப் பிதுக்கிவிட்டு
அடுத்த வரிக்குப் போகிறது.

எங்கள் ஊருக்கு இது புதிதல்ல.
ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்,
தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை:
இல்லாததை எண்ணிக்காட்டித்தான்
வெளியூர்க்காரருக்கு வேலூரைச் சொல்வோம்.
சாமி எண்பத்தொன்றிலேயே வந்து உட்கார்ந்துவிட்டார்.
பாலாறு இருபத்தொன்றில் இரு கரையும் தொட்டு ஓடியது,
பாலத்தில் நின்று போட்டோ எடுத்தோம்.
சொலவடையை மட்டும்
யாரும் திருத்தவில்லை.

அதனால், அழிக்குமுன் பார்ப்பேன்.
எடுத்தது யார், எந்தத் தேதி, என்ன சொல்லி எடுத்தார்.
ஒன்று, ஐந்து, இருபத்தெட்டு,
நாற்பது வரி சுத்தம்.
நாற்பத்தொன்றில் கை நின்றது.

அது செத்த பெயர் இல்லை,
மாற்றிய பெயர்.
வாட்ச்டாக்: போர்டு உறைந்துபோனால்
தட்டி எழுப்புகிற சின்ன வேலை.
ஆறு வருஷம் முன்பு யாரோ
பெயரின் வாலில் ஒரு எழுத்தைச் சேர்த்தார்கள்,
இந்தக் கோப்புக்குச் சொல்ல மறந்தார்கள்.
பழைய பெயரைச் சொல்லி 'ஆம், ஆம்' என்று
இந்தப் போர்டு ஆறு வருஷமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறது.
நான் குப்பையென்று வாரப் பார்த்தேன்.

இப்போது இதை வைத்திருப்பவர் யார்?
கேள்வி எங்கெங்கோ சுற்றிவிட்டு
பாலாற்றுக்கு அக்கரையில் வந்து நின்றது.
மேல்விஷாரம், தோல் ஷெட்டுகளின் கழிவுநீர் நிலையம்.
போனில் முனவ்வர் பாய்:

"அதுவா மேடம்?
வாரத்துல ரெண்டு ராத்திரி நிக்கும்.
மீட்டர் அப்படியே ஒறைஞ்சிடும்.
நான் போயி ப்ளக்கைப் புடுங்கி
பத்து எண்ணிட்டுத் திரும்பச் சொருகுவேன்.
அது போர்டோட கொணம்."

குணம் இல்லை பாய், ஒரே ஒரு எழுத்து.
அதற்காக ஒரு மனிதர்
ஆறு வருஷம், டி.வி.எஸ். ஃபிஃப்டியில்,
மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு
குரோம் தண்ணீர் ஓரம் நின்று
ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணியிருக்கிறார்.
இதை நான் அவரிடம் சொல்லவில்லை.

பேட்ச்: நாற்பது நீக்கம், ஒன்று திருத்தம்.
காரணம் என்ற இடத்தில்
'முனவ்வர் பாய் தூங்க வேண்டும்' என்று எழுதி,
அழித்து,
'பெயர் மாற்றத்தைப் பின்பற்றி' என்று முறையாக எழுதினேன்.
கீழே என் பெயர், எப்சிபா.

நேற்று புது கர்னல் ஏற்றினோம்.
காலையில் கேட்டேன், நின்றதா?

"நின்னுச்சு மேடம், ரெண்டேகாலுக்கு.
நான் போறதுக்குள்ள
தானா எந்திரிச்சு ஓடிட்டிருக்கு.
ப்ளக்கைத் தொடல.
வந்ததுக்குப் பத்து மட்டும் எண்ணிட்டு
திரும்பிட்டேன்."