வெள்ளோட்டம்

லேவார்டனில் நாங்கள் வாஷிங் மெஷின் விற்பதில்லை.
சலவையை விற்கிறோம்.
மெஷின் எங்களுடையது, அழுக்கு உங்களுடையது,
தடவைக்கு இத்தனை சென்ட்.
நின்றுபோனால் நான்கு மணி நேரத்தில் ஆள் வரும்.

அந்த நான்கைச் சொன்னது என் திரை.
நானூற்றுப் பன்னிரண்டு புள்ளிகள், ஒவ்வொன்றும் ஒரு வீடு.
பிள்ளை பிறந்தால் புள்ளி சற்றுப் பருக்கும்,
வாடகை ஏறினால் வெளிறும்.
ஐந்து வருடத்தை
ஒரு காபி ஆறுவதற்குள் ஓட்டிவிடுவேன்.

சம்பளச் சீட்டில் ஏதோ பிழை என்று
மாடியேறி வந்த ஹில்க்கே, பழுது பார்ப்பவர்,
என் தோளுக்குப் பின்னால் நின்றுவிட்டார்.
"இதில் நான் எங்கே?"
நீல முக்கோணத்தைக் காட்டினேன்.
தன் எக்ஸ்ரேயைப் பார்ப்பதுபோல
வெகுநேரம் பார்த்தார்.

"நான் சாப்பிடவே இல்லையே."
பிறகு,
"தண்ணீர்மேல் நடக்கிறேனே."

மே பிறந்தால் பாலங்கள் தூக்கிக்கொள்ளும்,
பாய்மரம் ஒவ்வொன்றும் ராஜா மாதிரி கடக்கும்,
வேனை அணைத்துவிட்டு ரொட்டியைப் பிரிப்பேன், என்றார்.
சம்பளச் சீட்டை மேசையிலேயே விட்டுப் போனார்.

பாலங்களை வரைந்தேன். பதினேழு.
நான்கு மணி ஏழானது.
விற்பனைப் பிரிவு பாலங்களை எடுக்கச் சொன்னது,
ஊரிலிருந்து அல்ல, திரையிலிருந்து.
எடுக்கவில்லை.
கட்டடத்துக்கொரு மாற்று மெஷின் வைத்து
ஆயிரம் முறை ஓட்டினேன்,
எண்ணூற்றுப் பத்தில் கணக்கு நின்றது.

திருத்திய ஒப்பந்தம் அச்சுக்குப் போன வாரம்
கிழக்குத் தொகுதியில்
மருத்துவமனையின் இரவுப் பணிக்காரர்கள் குடியேறினார்கள்.
நேற்றுவரை மலிவு கேட்ட கட்டடம்
இன்று பகலில் சத்தம் கூடாது என்கிறது.
இனிப் புள்ளிகளுக்குத் தூக்கம் வைக்க வேண்டும்.
யாருக்கு எவ்வளவு என்று எந்த அட்டவணையிலும் இல்லை.
போய்க் கதவைத் தட்டிக் கேட்கலாம் என்றால்
தூங்குகிறார்கள்.

இரவு எட்டு. வெளியே இன்னும் வெயில்.
வெள்ளோட்டத்தில் மூன்றாம் ஆண்டு, ஜூன்.
தூக்கிய பாலத்தின் முன் நீல முக்கோணம் நிற்கிறது.
நான் உண்டாக்கிய படகு,
கொடியில்லை, பெயரில்லை, ஏறியவர் யாருமில்லை,
மெல்லப் போகிறது.
வேகத்தைக் கூட்டலாம்,
பொத்தான் விரலடியில்தான் இருக்கிறது.

அவர் ரொட்டியைப் பிரிக்கட்டும்.