கோப்பையில் ஓர் அடி

கச்சான் அடித்த ஞாயிற்றுக்கிழமை
இறுதிப் போட்டி முடியவில்லை.
எண்பத்தோராம் நிமிடம்
நஸ்மில் கொடியைத் தூக்கினான்.
ஓஃப்சைட்டா இல்லையா
இன்றைக்கும் எனக்குத் தெரியாது.
அவனுக்கும் தெரியாதாம்.
இரவு ஆஸ்பத்திரிக் கட்டிலில்
நெற்றியில் நாலு தையலோடு சொன்னான்:
"ஆள் வரல்ல எண்டு
நீங்கதானே கொடியக் கையில தந்தீங்க."

தந்தது நான்தான்.
ஐஸ் கம்பனியில் வேலை செய்கிறவனைக் கூப்பிட்டு,
வெளியே போனால் தூக்கு
மற்றதைப் பிறகு பார்ப்பம் என்று
அரை நிமிடத்தில் பயிற்சி கொடுத்த
லீக்கின் பொருளாளர்.

கணக்குக் கொப்பியைப் புரட்டினேன்.
ஜேர்சி: ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம்.
ஒலிபெருக்கி, பந்தல், பிரமுகருக்கு மாலை.
கோப்பை, மூன்றடி உயரம்: நாற்பத்தெட்டாயிரம்.
மத்தியஸ்தர்:
சோடா இரண்டு, கொத்துரொட்டி ஒன்று.

கூட்டத்தில் சொன்னேன்,
கண்டியில் ஐந்து நாள் வகுப்பு இருக்கு
இரண்டு பேரை அனுப்புவம்.
கோப்பைக்குக் காசு தருகிற
ஹார்ட்வெயார் அருமைத்துரை
சிரிக்காமலே கேட்டார்:
"விசிலில என்ர கடைப் பேரை எங்க எழுதுறது?"

பதில் இல்லை.
வெளியே, கோல் கம்பத்துக்குப் பக்கத்தில்
புள்ளிமான் ஒன்று போஸ்டர் தின்றுகொண்டிருந்தது
அவருடைய கடைப் பெயரையும் சேர்த்து.

பிறகு பேரம்.
மீன் சந்தையில் போல இரண்டு மணித்தியாலம்.
கடைசியில் கோப்பையில் ஓர் அடி குறைந்தது.
அந்த ஓர் அடிதான்
பஸ் காசானது, தங்க ஓர் அறையானது,
சிங்களத்தில் இருந்த விதிப்புத்தகத்தை
ஜெனுசியா இரவிரவாகத் தமிழில் எழுதிய
நாற்பது பக்கப் போட்டோ கொப்பியானது.
உப்புவெளிப் பெண்கள் அணியில் ஆடி
முழங்கால் போன பிறகு
இரண்டு வருடம் கோட்டுக்கு வெளியே நின்றவள் அவள்.
நஸ்மிலும் போனான், தழும்போடு.

ஆவணியில் அவளுடைய முதல் போட்டி.
எங்கள் கழகத்துக்கு எதிராக,
என் மருமகனின் கையில் பந்து பட்டதென்று
பெனால்டி கொடுத்தாள்.
நான் கதிரையிலிருந்து எழும்பினேன்.
சொன்னதை இங்கே எழுத மாட்டேன்;
வலை இழுக்கிறவர்களே திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் ஓடி வரவில்லை. கத்தவுமில்லை.
நடந்து வந்து பெயர் கேட்டாள்.
முன்பின் தெரியாதவள் போலக் கேட்டாள்.
நானும்
தகப்பன் பெயரோடு
முழுப் பெயரையும் சொன்னேன்.

திங்கட்கிழமை அறிக்கை வந்தது.
அபராதம் ஐந்நூறு ரூபா.
செலுத்தியவர் நான். பெற்றுக்கொண்டவரும் நான்.
பற்றுச்சீட்டில் விபரம் எழுதும் இடத்தில்
பேனை கொஞ்சம் நின்றது.
மத்தியஸ்தர் பயிற்சி நிதி,
முதல் வரவு.

மருமகன் இப்போதும்
பந்து படவே இல்லை என்கிறான்.
அவளைக் கேட்டேன்.
பட்டது என்றாள்.
எந்த விரல் என்றும் சொன்னாள்.